பாட்டியின் ஒப்பாரி, பேரனின் ஆல்பம்: பாட்டு யாருக்குச் சொந்தம்?



இந்த மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் முடிந்த பிறகு கால் மணி நேரம் ஒதுக்கி இந்தப் பாடத்தைப் படியுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு ஊக்குநர் படித்துக் காட்டலாம்.

நம்ம அம்பத்தூர் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறினால் போய்ச் சேருகிற ஊர் அரக்கோணம். அந்த ஊர்ப் பிள்ளைதான் பாடகர் அறிவு. பாட்டை அவரே எழுதி அவரே பாடுவார். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் இருந்தவர். வடசென்னை கானா பாடும் இசைவாணியும் அந்தக் குழுதான். கானா என்றாலே ஆம்பளைங்க பாட்டு என்று இருந்த காலத்தில் மேடை ஏறிய பெண் அவர். 2020-ல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

2019-ல் அறிவு வெளியிட்ட ஆல்பத்துக்குப் பெயர் 'தெருக்குரல்'. திருக்குறள் மாதிரி காதில் விழும், ஆனால் தெருவின் குரல். சாதி, அரசியல், சாமானிய ஜனங்கள் தினமும் படுகிற பாடு, இதெல்லாம்தான் அதில் விஷயம். பேசுகிற மாதிரியே தாளத்துக்குள் வேகமாகச் சொல்லிக்கொண்டு போவார். ராப் என்கிறார்கள். நாற்று நடும்போது ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, வாய்க்கு வந்ததைக் கோத்துக்கொண்டே போவோமே, எங்களுக்கு அது ரொம்பத் தூரமாகத் தெரியவில்லை.

அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. பல தலைமுறை உழைத்த மண்ணை விட்டு மூட்டை முடிச்சோடு கப்பல் ஏறியவர்கள் அவர்கள். அந்தப் பாட்டி சொன்ன கதையும் பாடிய ஒப்பாரியும்தான் 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டுக்கு விதை. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த அந்தப் பாட்டு உலகமெல்லாம் போனது. 2024-ல் வந்த ஆல்பத்துக்கு அறிவு வைத்த பெயரே 'வள்ளியம்மா பேராண்டி'. யார் வீட்டுப் புள்ளை என்று கேட்டால் தாத்தா பேரைச் சொல்வதுதானே வழக்கம். இங்கே பாட்டி பேர்.

ஆனால் அந்தப் பாட்டு யாருடையது என்பதில் வருத்தம் வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதைப் பாடினார்கள், மேடையில் அறிவு இல்லை. மெட்டும் வரிகளும் தன்னுடையவை என்று அறிவு எழுதினார். எல்லோரும் சேர்ந்து செய்தது என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். பாட்டால் தங்களுக்கு ஒரு ரூபாய் கூட வரவில்லை என்று 2024-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். பேர் தெரிந்தவர்களுக்கே இந்த நிலைமை.

நமக்கு இதில் என்ன? கள்ளிக்குப்பம் பக்கம் தண்ணி லாரியைப் பற்றி, கம்பெனி வேனைப் பற்றி, வட்டிக்காரரைப் பற்றி நம் பெண்கள் கட்டிப் பாடாத பாட்டா? இப்போது யார் வேண்டுமானாலும் போனில் பிடித்துப் போட்டுவிடுகிறார்கள். அதனால் காப்பிரைட் என்கிற பதிப்புரிமைச் சட்டம் (1957) கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

வழிவழியாக வந்த தாலாட்டுக்கும் நடவுப் பாட்டுக்கும் தனி ஒருவர் சொந்தக்காரர் கிடையாது. நீங்களே புதிதாகக் கட்டிய பாட்டு அப்படி இல்லை. எழுதி வைத்தாலே அது உங்களுடையது, எங்கேயும் போய்ப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் உங்கள் வாரிசுக்கு அந்த உரிமை உண்டு. பாடுகிறவருக்குத் தனியாக ஓர் உரிமை இருக்கிறது. உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு கொடுக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. எழுதிக் கொடுத்த பிறகும் 'இது நான் கட்டியது' என்று சொல்லும் உரிமை போகாது. 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டியில் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது என்று கடன் விஷயத்தில் படித்தோம் அல்லவா, அதேதான் இங்கேயும். ரெக்கார்டிங் செய்ய வருகிறவரிடம் எங்கே போடப் போகிறீர்கள், யார் பேர் வரும், காசு வந்தால் யாருக்கு என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள்.

பயிற்சி: அடுத்த கூட்டத்துக்குள் ஒரு நோட்டு போடுங்கள். குழுவில் மூத்த அம்மாக்கள் பாடுகிறதை எழுதுங்கள். பாட்டு யாரிடம் கற்றது, எந்த அடி அவரே சேர்த்தது, தேதி, பாடியவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். இரண்டு தடவை பாடச் சொல்லுங்கள், இரண்டாம் தடவை சில அடி மாறி வரும், அதையும் விடாதீர்கள். துக்கம் இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று சிலர் தயங்குவார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ராகம் இல்லாமல் வார்த்தையாகச் சொன்னால் போதும், எழுதிக்கொள்ளலாம்.