பக்கத்துப் புத்தகம்

அன்புள்ள கயல்விழிக்கு,

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் லைப்ரரிக்குப் போகச் சொல்கிறார்கள், போனில் தேடினால் நொடியில் கிடைப்பதற்கு அலமாரியை எதற்குத் துழாவ வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான். பதிலை ஓர் ஆக்டோபஸிலிருந்து தொடங்கலாம்.

1998-இல் அமெரிக்காவில் ஓர் இணையதளம் முளைத்தது. வாஷிங்டன் மாநிலத்து மழைக்காடுகளில் மரத்தில் வாழும் ஆக்டோபஸ் ஒன்று உண்டு, அது அழிந்துகொண்டிருக்கிறது, காப்பாற்றக் கைகொடுங்கள் என்றது அது. படங்கள் இருந்தன, வாழ்க்கை முறை பற்றிய விவரங்கள் இருந்தன. அத்தனையும் கட்டுக்கதை. சில ஆண்டுகள் கழித்து, கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லியூவும் அவர் குழுவினரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 25 பேரிடம் அந்தத் தளத்தைக் காட்டினார்கள். இணையத்தில் வாசிப்பதில் கெட்டிக்காரர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் அது மிகவும் நம்பத்தக்க தளம் என்றார்கள். பொய் என்று எடுத்துச் சொன்ன பிறகும் சிலர், மர ஆக்டோபஸ் இருக்கத்தான் செய்கிறது என்று சாதித்தார்கள்.

அந்தப் பிள்ளைகளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கத்தின் யோக்கியதையை அளந்துவிட முடியாது. பொய்யை எழுதத் தெரிந்தவருக்கு அதை அழகாக அச்சிடவும் படம் சேர்க்கவும் தெரியும்.

பெரியவர்களும் இதில் தப்பவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இருவர் மூன்று வகையினரைக் கணினி முன் உட்கார வைத்தார்கள்: வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற 10 பேர், செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட 10 பேர், கல்லூரி மாணவர்கள் 25 பேர். குழந்தை மருத்துவர்களுக்கான இரண்டு அமைப்புகளின் பக்கங்களைக் காட்டி, எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். ஒன்று 1930 முதல் இயங்கும் பெரிய சங்கம். மற்றது 2002-இல் அதிலிருந்து பிரிந்துபோன சிறு குழு. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். மாணவர்கள் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார்கள். முகப்பின் நேர்த்தியையும் அடிக்குறிப்புகளையும் பார்த்து மயங்கினார்கள். வரலாற்று அறிஞர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தில் தங்கவே இல்லை. சில விநாடிகளில் புதிய ஜன்னல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடப் போய்விட்டார்கள். சரியான முடிவுக்குத் தவறாமல் வந்தவர்கள் அவர்களே. இந்தப் பழக்கத்துக்கு ஆய்வாளர்கள் இட்ட பெயர் 'பக்கவாட்டு வாசிப்பு'.

பக்கவாட்டு வாசிப்பைச் செய்வதற்கென்றே அமைந்த இடம் ஒன்று உன் பள்ளியிலேயே இருக்கிறது. நீ போகச் சலித்துக்கொள்ளும் அந்த அறைதான்.

ஒரு சோதனை செய்து பார். கொம்பேறி மூக்கன் பாம்பு ஆளைக் கடித்துவிட்டு, செத்தவரை எரிக்கும் புகையைப் பார்க்கச் சுடுகாட்டு மரத்தில் ஏறி உட்காரும் என்று ஊரில் சொல்லக் கேட்டிருப்பாய். போனில் தேடினால் இதையே திகில் இசையோடு சொல்லும் வீடியோவும் வரலாம். ஒன்றைப் பார்த்தால் அதே போன்ற இன்னும் நான்கை அது நீட்டும். ஐந்து பேர் சொல்கிறார்களே என்று தோன்றும். நூலகத்தில் நடப்பது வேறு. பாம்புகள் பற்றிய ஒரு புத்தகத்தை உருவினால், அதன் இரண்டு பக்கமும் பாம்புகள் பற்றிய புத்தகங்கள். ஒருவர் நாட்டுப்புற நம்பிக்கைகளைத் தொகுத்திருப்பார். அடுத்தவர் காட்டில் அலைந்து பாம்பு பிடித்தவர். மூன்றாமவர் விலங்கியல் ஆசிரியர். கொம்பேறி மூக்கன் மரத்தில் வாழும் பாம்பு, அதற்கு மனிதரைக் கொல்லும் விஷம் கிடையாது என்று அவர்களில் ஒருவராவது சொல்லிவிடுவார். உனக்கு எது பிடிக்கும் என்று அலமாரிக்குத் தெரியாது. அதனால்தான் ஒத்துப்போகாதவர்களையும் தோளோடு தோள் நிறுத்தி வைத்திருக்கிறது.

இந்த அண்டைவீட்டு ஏற்பாடு தானாக வந்துவிடவில்லை. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். முதலில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. கணக்குப் பாடத்துக்கே திரும்பிவிட நினைத்தார். பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில துண்டுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான பொம்மைகள் உருவாகின்றன. ஒரு நூலின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்து, குறிகளால் பூட்டலாமே என்று தோன்றியது. 1933-இல் வெளிவந்த அவருடைய 'கோலன்' பகுப்புமுறைக்கு அதுதான் விதை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாக எழுதியிருந்தார். புத்தகங்கள் பயன்படுத்தப்படுவதற்கே என்பது முதல் விதியின் பொருள். வாசகர் அலமாரிவரை போய்த் தானே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இதைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. பல பள்ளிகளில் இன்றும் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் பூட்டிய பீரோ. தொலைந்தால் யார் கணக்குச் சொல்வது என்ற பயத்தில் சாவி வெளியே வருவதில்லை. அந்தப் பயம் புரிகிறது. ஆனால், புத்தகம் தொலைவதைவிடத் திறக்கப்படாமலே பழுப்பேறுவது பெரிய இழப்பு. ஒரு புத்தகம் தொலைந்ததென்றால் ஒரு பிள்ளையாவது அதை விரும்பி எடுத்துப் போயிருக்கிறது.

சரிபார்க்கும் வேலை பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் கண்ணூரைப் பார்க்கலாம். தடுப்பூசியைப் பற்றியும் நிபா காய்ச்சலைப் பற்றியும் வதந்திகள் வாட்ஸ்அப்பில் பரவியபோது, 2018-இல் அந்த மாவட்ட நிர்வாகம் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில் வகுப்புகள் நடத்தியது. பொய்ச் செய்தி எப்படி உருவாகிறது, ஏன் பரவுகிறது, எப்படிச் சரிபார்ப்பது என்பதே பாடம். பின்னர் கேரளம் அதை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. நம்மூரிலும் தேவை குறைவாக இல்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி பள்ளிகளில் போடப்பட்டபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றார்கள். முகாம் நாட்களை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுவிடலாமே என்று அடுத்துக் கேட்பாய். கேள். ஆனால், அது சொல்லும் புத்தகமும் பக்கமும் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று போய்ப் பார். 2023-இல் நியூயார்க்கில் விமான நிறுவனம் ஒன்றின் மீதான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை நீதிமன்றத்தில் அப்படியே கொடுத்தார்கள். அவற்றில் ஆறு வழக்குகள் நடக்கவே இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். சட்ட நூலகத்தில் தேடியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அச்சில் வந்ததெல்லாம் வேதவாக்கு என்றும் எண்ணிவிடாதே. உன் லைப்ரரியில் உள்ள பழைய அறிவியல் புத்தகத்தில் கோள்கள் ஒன்பது என்றிருக்கும். 2006-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் பட்டியலுக்கு மாற்றியது. புத்தகம் பொய் சொல்லவில்லை, அதற்கு வயதாகிவிட்டது. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் தலைப்புப் பக்கத்தைத் திருப்பி முதற்பதிப்பு எந்த ஆண்டு, மறுபதிப்பு எந்த ஆண்டு, யார் வெளியிட்டது என்று பார்த்துவிட்டுப் பிறகு படி.

வரும் வெள்ளிக்கிழமை இதைச் செய். உன் ஊரைப் பற்றியோ பக்கத்து ஆற்றைப் பற்றியோ தமிழ் விக்கிப்பீடியா சொல்வதை நோட்டில் எழுதிக்கொள். 1954-இல் முதல் தொகுதி வெளிவந்த, பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்தில் அதே தலைப்பைத் தேடு. பத்துத் தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. பிறகு அலமாரியில் மூன்றாவதாக ஒரு புத்தகம். மூன்றும் எங்கே முரண்படுகின்றன என்று பார்த்து, யார் சொல்வதை ஏற்றாய், ஏன் ஏற்றாய் என்று எனக்கு எழுது. பீரோ பூட்டியிருந்தால், நாலு பேராகச் சேர்ந்து போய் டீச்சரிடம் சாவி கேளுங்கள்.

அன்புடன்,
பெரியம்மா