இடவப்பாதிக்கு முன் தோட்டத்து மரங்கள்: தடியை அளந்து லோடரைத் தேர்ந்தெடுங்கள்

பருவகால ஆலோசனை: சித்திரை, வைகாசி
பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதி வீட்டுக்காரர்களுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும்

கேரளத்தில் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. அதற்கு முன்பே கோடைமழையோடு வரும் சுழல்காற்று மரங்களைச் சாய்க்கத் தொடங்கிவிடும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, கோவிந்தாபுரம் பக்கம் தென்னையும் புளியும், மறையூர், பூப்பாறை, நெடுங்கண்டம், குமளி பக்கம் சில்வர் ஓக்கும் பலாவும் வீட்டுக் கூரைமேல் சாய்ந்து நிற்கின்றன. இப்போது அவற்றை இறக்கினால் நிலம் உலர்ந்திருக்கும், வண்டி போகும், ஆள் கிடைப்பார். ஜூனில் இந்த மூன்றும் இருக்காது.

மரத்தை வெட்ட ஆளைப் பிடித்துவிடுகிறோம். வெட்டிய தடி முற்றத்திலிருந்து சாலைக்கு எப்படி வரும் என்பதை மட்டும் யோசிப்பதில்லை. கடைசி நேரத்தில் பக்கத்தில் வேலை செய்யும் ஜேசிபியை அழைக்கிறோம். ஏறத்தாழ 7.5 டன் எடையும் இரண்டேகால் மீட்டர் அகலமும் உள்ள அந்த வண்டி மதிலை இடிக்கும், தண்ணீர்க் குழாயை நசுக்கும், செப்டிக் டேங்கின் மூடியை உடைக்கும். மலைச்சரிவில் அது வெட்டிவிட்டுப் போகும் தடமே மழைநீருக்கு ஓடையாகிவிடும். முதலில் தடியின் எடை, அடுத்து வழியின் அகலமும் சாய்வும், அதன் பிறகே இயந்திரம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இந்த வாரமே: அனுமதி

கேரளத்தில் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, வனமல்லாத தனியார் நிலத்தில் பெரும்பாலான மரங்களை உரிமையாளர் வெட்டலாம். எல்லா மரத்துக்கும் எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. சந்தனம், ஈட்டி, தேக்கு போன்றவற்றுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. பட்டயம் பெற்ற நிலமானால் பட்டயத்தில் எழுதியுள்ள நிபந்தனையைப் படியுங்கள். இடுக்கியில் சி.எச்.ஆர். எனப்படும் ஏலமலைப் பகுதிக்குத் தனி விதிகள். அங்கே நிழல்மரத்தின் கிளை கழிப்பது வேறு, அடிமரம் வெட்டுவது வேறு. மறையூர், காந்தளூர் வட்டாரத்தில் காய்ந்த சந்தனமாக இருந்தாலும் வனத்துறைக்கு எழுதிக் கொடுக்காமல் தொடாதீர்கள். வில்லேஜ் ஆபீசிலும் வனத்துறை ரேஞ்ச் ஆபீசிலும் கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகே வண்டிக்கு முன்பணம் கொடுங்கள். அனுமதியில்லாத தடியை ஏற்றினால் சிக்கல் மரத்துக்காரரோடு நிற்காது, வண்டிக்காரரையும் பிடிக்கும்.

பக்கத்து நிலத்து மரம் உங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் பஞ்சாயத்துச் செயலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஆபத்தான மரத்தை அகற்றச் சொல்லும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு உண்டு. மின்கம்பிக்கு அருகே உள்ள மரமென்றால் கே.எஸ்.இ.பி. அலுவலகத்தில் நாள் குறித்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அவர்களின் உதவி எண் 1912.

தடியின் எடையைக் கணக்கிடுங்கள்

பச்சை மரத்தின் எடையை ஒரு கன மீட்டருக்கு 1 டன் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. நம் ஊர் மர வியாபாரத்தில் சுற்றளவின் நான்கில் ஒரு பங்கை அதே எண்ணால் பெருக்கி, வரும் விடையை நீளத்தால் பெருக்கிக் கன அடி சொல்வார்கள். அறுப்பில் போகும் கழிவை விட்டுச் சொல்லும் கணக்கு அது. உண்மையான கன அளவு அதைவிட 27 சதம் அதிகம். ஆகவே வியாபாரி சொல்லும் ஒவ்வொரு கன அடிக்கும் 36 கிலோ என்று போடுங்கள்.

4 அடி சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள தடி வியாபாரக் கணக்கில் 10 கன அடி. எடை 360 கிலோ. அதே நீளத்தில் சுற்றளவு 6 அடியானால் 22.5 கன அடி. எடை 810 கிலோ. சுற்றளவு ஒன்றரை மடங்கானால் எடை இரண்டேகால் மடங்காகிறது. கண்மதிப்பு ஏமாற்றுவது இங்கேதான். 3 அடி சுற்றளவுள்ள தென்னை அடிக்கு 20 கிலோ வரும். 50 அடி மரம் முழுதும் ஏறத்தாழ 1 டன்.

விலைக்குப் போகும் தடியானால் வாங்குபவருக்கு என்ன நீளம் வேண்டும் என்று வெட்டுவதற்கு முன்பே கேளுங்கள். பெரும்பாவூர் பிளைவுட் ஆலைக்குப் போகும் மென்மரத்தின் நீளம் வேறு, கதவு நிலைக்கு அறுக்கும் பலாவின் நீளம் வேறு. விறகுக்கென்றால் தயங்காமல் 3, 4 அடித் துண்டுகளாக்குங்கள். துண்டு சிறிதானால் வண்டியும் சிறிதாகும், வாடகையும் குறையும், முற்றமும் தப்பும்.

லோடரின் திறன் எண்ணைப் படியுங்கள்

வண்டிக்காரர் "ஒரு டன் தூக்கும்" என்பார். நீங்கள் கேட்க வேண்டியது பாதுகாப்பாகத் தூக்கி நகரும் பாரம் எவ்வளவு என்பதே. எந்தப் பாரத்தில் லோடரின் பின்சக்கரம் தரையை விட்டு எழுமோ அது கவிழும் பாரம். ஸ்கிட் ஸ்டியர் என்ற சக்கர லோடருக்கு (நம் பக்கம் எல்லா நிறுவன வண்டிக்கும் பாப்கேட் என்றே பெயர்) அந்தக் கவிழும் பாரத்தில் 50 சதம் பாதுகாப்பான அளவு. ரப்பர் டிராக் ஓடும் லோடருக்கு 35 சதம். சில விளம்பரத் தாள்களில் டிராக் வண்டிக்கும் 50 சத எண்ணைப் பெரிதாக அச்சிடுவார்கள். எந்தச் சதம் என்று கேட்டு வாங்குங்கள்.

அந்த எண் பக்கெட்டோடு சொல்வது. பக்கெட்டைக் கழற்றித் தடி பிடிக்கும் கிராப்பிளை மாட்டினால் அதன் கூடுதல் எடையைக் கழிக்க வேண்டும். தடி முன்னே தள்ளி நிற்பதால் இன்னும் கொஞ்சம் குறையும். 600 கிலோ எண் கொண்ட சிறிய ஸ்கிட் ஸ்டியரில் தடிக்கு 400 கிலோ என்று வைத்தால் கவலையில்லை. 6 அடிச் சுற்றளவுத் தடி அடிக்கு 81 கிலோ. ஆகவே அதை 5 அடிக்கு மேல் நீளமாக விடக் கூடாது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, மரம் அறுப்பவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

வெறும் பக்கெட்டில் உருளைத் தடியை ஏற்ற விடாதீர்கள். லோடரின் கை உயரும்போது தடி பின்னோக்கி உருண்டு ஓட்டுநர்மேல் விழும். கிராப்பிள் வேண்டும், அல்லது முதுகுத் தடுப்புள்ள ஃபோர்க்கில் சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும்.

எந்த நிலத்துக்கு எது

*பாலக்காட்டின் சித்தூர் சமவெளி.* வழி 2 மீட்டர் அகலமும் கெட்டித் தரையும் இருந்தால் சிறிய சக்கர ஸ்கிட் ஸ்டியர் போதும். அதன் எடை 2 முதல் 2.5 டன், அகலம் ஒன்றரை மீட்டருக்குள். நின்ற இடத்திலேயே திரும்பும் வண்டி என்பதால் முற்றத்தில் வசதி. ஆனால் அந்தத் திருப்பத்தில் சக்கரம் மண்ணைக் கிழிக்கும், செங்கல் தளத்தைப் பெயர்க்கும், தென்னையின் மேல்வேரை அறுக்கும். நேராகப் போய் நேராக வரும்படி பாதையை அமைத்து, திருப்பத்தைச் சாலையில் வைத்துக்கொள்ளுங்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கரிசல் மண்ணில் ஒரு மழை பெய்துவிட்டால் சக்கர வண்டியை இறக்காதீர்கள்.

ஏற்கெனவே மினி டிராக்டர் வைத்திருப்பவர்கள் முன் லோடர் மாட்டிச் சிறு துண்டுகளை எடுக்கலாம். பின்னால் எதிர்ப்பாரம் கட்டாயம். கவிழ்தடுப்புக் கம்பியை மடக்கி வைக்காதீர்கள். சீட் பெல்ட்டைப் போடுங்கள். முதலமடை மாந்தோப்புகளில் அறுவடை முடிந்து கவாத்து செய்த கிளைகளுக்கு இதுவே போதும்.

*இடுக்கி மலைச்சரிவு.* இங்கே ஸ்கிட் ஸ்டியர் பெரும்பாலும் பொருந்தாது. சுமார் 1.7 டன் மினி எக்ஸ்கவேட்டர், அதாவது குட்டி ஹிட்டாச்சி, நல்ல தேர்வு. இந்த வகையில் டிராக்கைச் சுருக்கினால் ஏறத்தாழ 1 மீட்டர் வழியில் நுழையும் வண்டிகள் உண்டு. ஓரிடத்தில் நின்று கையை நீட்டி எடுப்பதால் மண்ணைக் குறைவாகக் கலைக்கும். கை நீள நீளத் தூக்கும் திறன் குறையும் என்பதை மறவாதீர்கள். முழு நீட்டத்தில் சில நூறு கிலோதான்.

எந்த வண்டியும் நுழையாத சரிவில் தடியைத் துண்டாக்கி, கை வின்ச்சும் கப்பியும் கொண்டு மேட்டுச் சாலைக்கு இழுங்கள். இழுக்கும் கம்பிவடத்தின் நேர்க்கோட்டிலும் அதன் வளைவுக்கு உள்ளேயும் யாரும் நிற்கக் கூடாது.

பவர் டில்லரும் டிரெய்லரும் எஸ்டேட் பாதையில் நன்றாக உழைக்கும். அத்தாணியில் 1973இல் தொடங்கிய, பவர் டில்லர் தயாரிக்கும் கேரள அரசின் காம்கோ நிறுவனத்துக்குக் கஞ்சிக்கோட்டிலும் தொழிற்சாலை உண்டு. ஆகவே நம் பகுதியில் உதிரிபாகம் கிடைப்பது எளிது. ஒரே ஓர் ஆபத்து: பாரத்தோடு இறக்கத்தில் வரும்போது பவர் டில்லரின் திருப்பு கிளட்ச் தலைகீழாக வேலை செய்யும். இடப்பக்கத்தைப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் திரும்பும். பழகாதவர் கையில் சுமையோடு இறக்கத்தில் கொடுக்காதீர்கள்.

*வாங்குவதா, வாடகையா?* வீட்டு மரங்களுக்காக லோடர் வாங்க வேண்டாம். பொள்ளாச்சி, உடுமலை, போடி, கம்பத்திலிருந்து வண்டி வந்தால் கொண்டுவரும் கூலியே பெரிய செலவு. நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் பேசி, ஒரே நாளில் எல்லோர் தடியையும் எடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பதிவுள்ள வண்டியானால் கேரள வரி கட்டிய சீட்டையும் காப்பீட்டையும் பாருங்கள். மணிக்கணக்கு எங்கிருந்து தொடங்கும் என்பதை முதலிலேயே பேசுங்கள். கையால் ஏற்ற வேண்டிய விறகுக்குச் சுமட்டுத் தொழிலாளர்களிடம் கூலியை முன்பே உறுதி செய்யுங்கள். வேலை செய்யாமல் கேட்கும் நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் ஒழித்துவிட்டது.

வேலை நாளில்

• செப்டிக் டேங்க், உறைகிணறு, குழாய் போகும் இடங்களைக் குச்சி நட்டு, துணி கட்டிக் காட்டுங்கள். பாரம் தூக்கியதும் வண்டியின் எடையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கு வந்துவிடும், ஸ்லாப் தாங்காது.

• நிற்கும் மரத்தை லோடரால் தள்ள விடாதீர்கள். உச்சி முறிந்து கேபின்மேல் விழும்.

• தடியைத் தரையோடு ஒட்டித் தாழ்வாகக் கொண்டு போகச் சொல்லுங்கள். உயர்த்துவது டிப்பரின் பக்கத்தில் வந்த பிறகே.

• பாரம் தூக்கிய ஸ்கிட் ஸ்டியர் ஏற்றத்தில் முன்னோக்கியும் இறக்கத்தில் பின்னோக்கியும் ஓட வேண்டும். சரிவுக்குக் குறுக்கே ஓடவே கூடாது.

• சைகை காட்ட ஒரே ஒருவர். தூக்கிய கைக்குக் கீழே யாரும் போகக் கூடாது. குழந்தைகளை அன்று பக்கத்து வீட்டில் விடுங்கள்.

• வேரோடு சாய்ந்த மரத்தின் அடியை அறுத்தவுடன் வேர்ப்பாளம் திரும்ப எழுந்து நிற்கும், அல்லது உருளும். அந்தக் குழிப் பக்கம் யாரும் நிற்காதீர்கள்.

மழை வந்துவிட்டால்

24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை மழை எதிர்பார்த்தால் ஆரஞ்சு எச்சரிக்கை; அதற்கு மேல் சிவப்பு. இவ்விரண்டு எச்சரிக்கை உள்ள நாட்களிலும் சரிவில் இயந்திர வேலை வேண்டாம். இடுக்கியில் இத்தகைய நாட்களில் மண் எடுப்புக்கு மாவட்ட ஆட்சியர் தடை விதிப்பது வழக்கம். மழை நின்றாலும் ஈரம் இறங்கும்வரை பொறுங்கள்.

சரிவில் அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுக்காதீர்கள். மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர். வெட்டிய மரத்தின் வேர் சில ஆண்டுகளில் மட்கிவிடும். ஆகவே இந்த மழையிலேயே பக்கத்தில் மாற்றுக் கன்று நடுங்கள். மழை கனத்தால் சரிவு என்ன செய்யும் என்பதை 2018 ஆகஸ்ட் வெள்ளத்திலும், 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு ராஜமலையின் பெட்டிமுடியில் 70 உயிர்களை இழந்தபோதும் கண்டோம். அங்கே மண்ணுக்கடியில் போனவர்கள் லயத்தில் வாழ்ந்த நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். சரிவில் செய்யும் எந்த வேலையையும் சிறிதென்று நினைக்காதீர்கள்.

வேலை முடிந்த அன்றே

சக்கரத் தடங்களை மண் போட்டு மூடுங்கள். சரிவுப் பாதையில் கழித்த கிளைகளைக் குறுக்கே போட்டு, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். ஓடையிலும் கல்வெர்ட்டிலும் கிளை கிடக்கக் கூடாது. தென்னந்தடியைத் தோப்பிலேயே மட்க விடாதீர்கள். காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, நிற்கும் தென்னைகளின் குருத்தைத் துளைக்கும்.

இன்று மாலையே அளவு நாடாவை எடுத்து மூன்றை அளந்து எழுதுங்கள்: மரத்தின் சுற்றளவு, கேட்டின் அகலம், சாலைவரை உள்ள தூரம். அந்தத் தாளோடு பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுங்கள். மே மாதம் முடிவதற்குள் தடி சாலைக்கு வந்துவிட வேண்டும். அதற்குள் முடியாத மரமானால் கூரைப் பக்கக் கிளைகளை மட்டும் இறக்கிவிட்டு, அடிமரத்தை மழைக்குப் பின் எடுங்கள். நனைந்த சரிவில் அவசரப்பட்டு வண்டியை இறக்குவதைவிட அந்தத் தாமதமே நல்லது.