வேடமும் மனிதனும்: விசுவநாததாசும் பால் ராப்சனும்

முன்னுரை

உடன்குடியைச் சூழ்ந்த பனங்காட்டு ஊர்களில் கோயில் கொடை என்றால் விடிய விடிய நாடகம் நடந்த காலம் ஒன்று உண்டு. ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ என்ற பெயர்களை நம் பெரியோர் நன்கு அறிவர். இத்தகைய நாடகங்களுக்கு உரையாடலும் பாட்டும் யாத்துத் தந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922), தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அவர் வகுத்த மேடை மரபில் ஒளிவீசிய நடிகர் எஸ். எஸ். விசுவநாததாஸ். வேடமிட்ட நடிகனை அரசனாகவும் தெய்வமாகவும் கண்டு மகிழும் சமுதாயம், வேடம் கலைந்தபின் அவனை மனிதனாக ஏற்கிறதா? இவ்வினாவை முன்வைத்து அவர் வாழ்வை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேடையும் குலமும்

விசுவநாததாஸ் 1886ஆம் ஆண்டு சிவகாசியில் பிறந்தார். பின்னர்த் திருமங்கலத்தில் வாழ்ந்தார். முடிதிருத்தும் தொழிலுக்குரிய மருத்துவர் குலத்தவர். கணீரென்ற குரலும் கம்பீரமான தோற்றமும் அவரை முன்னணி நடிகர் ஆக்கின. ஆயினும், அவருடைய குலத்தைக் காரணம் காட்டி, உடன் நடிக்க மறுத்த நடிகையர் பலர். மேடையில் முருகனாக நின்றவரை வணங்கியோர் உண்டு. அதே முருகனுக்கு வள்ளியாக நிற்கத் தயங்கியோரும் உண்டு! இத்தடையைப் பொருட்படுத்தாது அவருடன் நடிக்க முன்வந்த சில பெண்மணிகளின் துணிவினாலேயே அவர் கலை தடையின்றி வளர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

பாட்டும் சிறையும்

நாட்டு விடுதலை உணர்வு அவரை ஆட்கொண்டது. புராண வேடத்திலும் கதராடை உடுத்தினார். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் இயற்றிய தேசியப் பாடல்களைக் கதையோடு இயைத்துப் பாடினார். தினைப்புனத்தில் வள்ளி பறவைகளை ஓட்டும் காட்சி ஒன்று போதும். அங்கே பறக்கும் வெள்ளைக் கொக்கு வெள்ளையனைக் குறிப்பதாக அவையோர் உடனே உணர்ந்து ஆரவாரம் செய்வர். எழுதப்பட்ட நாடகத்தை 1876ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டத்தால் தடை செய்யலாம். ஆனால் ‘வள்ளி திருமண’த்தை எவ்வாறு தடை செய்வது? எனவே அரசு பாடியவரையே பலமுறை சிறைப்படுத்தியது. அவ்வழக்குகளில் ஒன்றில் ஓட்டப்பிடாரம் தந்த வ. உ. சிதம்பரனாரே அவருக்காக வாதாடினார் என்பர்.

சிறைவாசமும் கடனும் அவரை வாட்டின. எனினும் பாட்டை அவர் விடவில்லை. 1940 டிசம்பர் 31ஆம் நாள், சென்னை ராயல் தியேட்டரில், மயில்மீது அமர்ந்த முருகனாகப் பாடிக்கொண்டிருந்த நிலையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

கடல் கடந்த ஒப்புமை

இதே காலத்தில் அமெரிக்காவில் வாழ்ந்த கறுப்பின நடிகர் பால் ராப்சனை (1898-1976) இவரோடு ஒப்புநோக்குதல் பயனுடையது. அவருடைய தந்தை அடிமைத்தளையிலிருந்து தப்பியவர். சட்டம் பயின்று வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் சேர்ந்த ராப்சன் சொல்வதை எழுதிக்கொள்ள அங்கிருந்த வெள்ளைச் சுருக்கெழுத்தாளர் மறுத்தார். அத்துடன் அத்தொழிலை விட்டு அவர் நாடகத்தை நாடினார். சேக்சுபியரின் ஒதெல்லோ, வெனிசு நகருக்குத் தொண்டாற்றிய மூர் இனப் படைத்தலைவன். வெள்ளை நடிகர்கள் முகத்தில் கருமை பூசி நடித்துவந்த அவ்வேடத்தை 1930இல் இலண்டனில் ராப்சன் ஏற்றார். 1943இல் நியூயார்க்கில் தொடங்கிய அதே நாடகம் 296 முறை நடைபெற்றது. ‘ஷோ போட்’ (1936), ‘தி பிரவுட் வேலி’ (1940) முதலிய திரைப்படங்களிலும் நடித்தார்.

தம் மக்களின் உரிமைக்காகவும் உலக அமைதிக்காகவும் பேசியமையால் 1950இல் அமெரிக்க அரசு அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தது. அவரோ 1957இல் கடலடித் தொலைபேசி வழியாக இலண்டன் அவையினருக்குப் பாடினார்! 1958இல் கடவுச்சீட்டு மீண்டும் கிடைத்தது. அவ்வாண்டு அவருடைய அறுபதாம் பிறந்தநாளை இந்தியாவில் கொண்டாட அமைந்த குழுவுக்கு நீதியரசர் எம். சி. சாக்ளா தலைமை ஏற்றது நமக்குப் பெருமை தருவதாகும்.

இருவருக்கும் முதல் தடை அரசாணையாக வரவில்லை. அருகில் நின்று பணியாற்ற வேண்டிய சக மனிதரின் மறுப்பாகவே வந்தது. அரசின் தடைகள் காலத்தால் நீங்கின. மனத்தின் தடைக்கோ எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு இல்லை.

முடிவுரை

இவ்வினாவை நம் கல்லூரி மேடையை நோக்கியும் எழுப்புதல் வேண்டும். ஆண்டுவிழா நாடகத்துக்கு வேடம் பங்கிடும்போது, சிவந்த நிறத்தவனுக்கு இளவரசன் வேடமும் கரிய நிறத்தவனுக்குக் கள்வன் வேடமும் தந்து சிரிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லையா? இப்பிழையை நாமும் செய்திருக்கிறோம். மாணவன் சிரித்துக்கொண்டேதான் அவ்வேடத்தை ஏற்பான். அச்சிரிப்புக்குப் பின்னுள்ள வலியை ஆசிரியர் அறிதல் கடன். அடுத்த விழாவில் குரலும் திறனும் கண்டு வேடம் தருவோமாக. அதுவே இவ்விரு கலைஞர்க்கும் நாம் செலுத்தும் நன்றிக்கடன் ஆகும்.