சின்னத்திரைக்கு வந்த சிறு கருவி

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது நம் பெரியோர் வாக்கு. ஆற்றுக்கு மட்டுமன்று, கடையில் வாங்கும் பொருளுக்கும் இது பொருந்தும்.

1975 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டது. அன்று நிலையத்தார் எதைக் காட்டினார்களோ, அதை அவர்கள் காட்டிய நேரத்தில்தான் மக்கள் கண்டனர். இன்றோ விரும்பியதை விரும்பிய நேரத்தில் காணலாம். அதற்கு உதவுவதே ஸ்ட்ரீமிங் பிளேயர் என்னும் சிறு கருவி. விரல் நீளமே உள்ள அதைத் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறம் செருகிவிட்டால், இணையத்தில் உள்ள படங்கள் திரைக்கு வந்துவிடுகின்றன.

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை, கேபிளை நிறுத்திவிட்டு இக்கருவியை வாங்க எண்ணினார். மாதந்தோறும் கொஞ்சம் பணம் மிச்சமாகும் என்பது அவர் கணக்கு. ஆனால் அவ்வீட்டில் பாட்டி ஒருவர் இருக்கிறார். பகல் முழுதும் தனியே இருக்கும் அவருக்குத் துணை அந்தப் பெட்டிதான். "நீங்கள் அறிவியல் மன்றத்தில் இருக்கிறீர்களே, சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கூறி, ஒரு கருவியை ஒரு வாரத்திற்கு இரவல் வாங்கி வந்து எங்களிடம் தந்தார் அவர். நாங்கள் நால்வர் அதைச் சோதித்த முறையைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் இங்கே கூறுகிறோம்.

முதலில், கருவி எவ்வாறு வேலை செய்கிறது?

படம் கருவிக்குள் இல்லை. அது தொலைவில் உள்ள கணினிகளில், சில நொடிகளுக்கு ஒன்றாகச் சிறு துண்டுகளாக வைக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு துண்டும் மிகத் தெளிவானது, நடுத்தரமானது, மங்கலானது எனப் பல தரங்களில் உண்டு. கருவி இணையத்தின் வேகத்தைப் பார்த்து, அதற்கேற்ற தரத்தில் அடுத்த துண்டைக் கேட்டு வாங்குகிறது. வாங்கியதில் கொஞ்சத்தை முன்கூட்டியே சேர்த்தும் வைக்கிறது. குழாயில் தண்ணீர் மெல்ல வந்தாலும், குடத்தில் உள்ளவரை சமையல் நிற்பதில்லை அல்லவா? அதுபோலத்தான். படம் திடீரென மங்கினால் கருவி கெட்டுவிட்டது என்று பொருளன்று. நின்றுபோவதைவிட மங்கலாகவேனும் ஓடட்டும் என்று அது முடிவு செய்திருக்கிறது.

பெட்டிக்குப் பொருந்துமா?

இக்கருவிகளைச் செருக எச்.டி.எம்.ஐ. என்னும் துளை வேண்டும். அந்த முறை 2002 ஆம் ஆண்டில்தான் உருவாயிற்று. 2006 முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சி போன்ற பழைய பெட்டிகளில் அத்துளை இல்லை. மாற்றுப் பெட்டி ஒன்றை இடையில் வைத்துப் படம் வரச் செய்யலாம். எனினும் சிறிய திரையில் எழுத்துகளைப் படிப்பது கடினம். தோழி வீட்டுப் பெட்டியில் துளை இருந்தது.

ஆயினும் ஒரு தொல்லை நேர்ந்தது. கருவிக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெட்டியின் யு.எஸ்.பி. துளையிலிருந்தே கொடுத்தோம். கருவி அடிக்கடி தானே அணைந்து மீண்டும் எழுந்தது. காரணம் எங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருந்தது! மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. பல பெட்டிகளின் யு.எஸ்.பி. துளை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் தரும். அதாவது 2.5 வாட். அது போதவில்லை. சுவரில் உள்ள பிளக்கில் அதற்குரிய அடாப்டரைச் செருகியதும் தொல்லை தீர்ந்தது.

இணையம் போதுமா?

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் கூறும் அளவின்படி, சாதாரண எச்.டி. படத்திற்கு நொடிக்கு 3 மெகாபிட் வேகமும், முழு எச்.டி. படத்திற்கு 5 மெகாபிட்டும், 4கே படத்திற்கு 15 மெகாபிட்டும் வேண்டும். எச்.டி. படம் ஒரு மணி நேரத்திற்கு 3 ஜிகாபைட் வரை செலவாக்கக்கூடும். நாளொன்றுக்கு 3 மணி நேரம் பார்த்தால் 9 ஜிகாபைட். மாதத்திற்கு 270 ஜிகாபைட். நாளுக்கு 2 ஜிகாபைட் கிடைக்கும் கைப்பேசி இணையத்தை நம்பினால், ஒரு மணி நேரப் படம்கூட முடியாது. ஆகவே அகன்ற அலைவரிசை இணைப்பு இல்லாத வீட்டார் இக்கருவியை வாங்குமுன் நன்கு யோசிக்க வேண்டும்.

வைஃபை ரூட்டர் முன்னறையிலும் தொலைக்காட்சி உள்ளறையிலும் இருந்தன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவரைக் கடக்கையில் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வேகத்தில் குறைந்தது. ஆனால் தொலைவு செல்லும். இரண்டையும் முயன்று பார்த்தோம். அண்டை வீட்டார் யாவரும் இணையத்தைப் பயன்படுத்தும் மாலை 7 மணிக்கே சோதித்தோம். காலையில் மட்டும் சோதித்து ஏமாறலாகாது.

செலவும் ஆயுளும்

கருவியின் விலை ஒருமுறைதான். ஆனால் இணையக் கட்டணமும் ஒவ்வொரு செயலியின் சந்தாவும் தொடர்ந்து வரும். கேபிளுக்கு ஓராண்டில் ஆகும் தொகையை ஒரு பக்கமும், இவற்றை மறுபக்கமும் எழுதிப் பார்க்க வேண்டும். அப்படி எழுதியபோது, தோழியின் தந்தை நினைத்த மிச்சத்தில் பாதியே மிஞ்சியது. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியில் தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் காணலாம் என்பதும் அறியத்தக்கது.

கருவி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதும் முக்கியம். கூகுள் நிறுவனம் 2013 இல் வெளியிட்ட குரோம்காஸ்ட் வரிசையின் தயாரிப்பு 2024 இல் நிறுத்தப்பட்டது. 2025 மார்ச்சில் அவ்வரிசையின் இரண்டாம் தலைமுறைக் கருவிகள் திடீரென வேலை செய்ய மறுத்தன. உறுப்புகளில் பழுது இல்லை. உள்ளே இருந்த மின்னணுச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது! நிறுவனம் சில நாள்களில் சரிசெய்தது. எனவே மென்பொருள் மேம்பாடு எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று கேட்டே வாங்க வேண்டும்.

கடைசிச் சோதனை

இதுவரை நாங்கள் நல்ல மதிப்பெண்களே இட்டிருந்தோம். பிறகு ரிமோட்டைப் பாட்டியின் கையில் கொடுத்துவிட்டு, திண்ணையில் போய் அமர்ந்து சன்னல் வழியாகப் பார்த்தோம். திரை முழுவதும் ஆங்கிலப் பெயர்கள். பாட்டி ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார். பத்து நிமிடம் கழித்து ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "இருக்கட்டும் கண்ணு, எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார். எங்கள் மதிப்பெண் தாளை மடித்து வைத்துவிட்டோம்.

மறுநாள் மீண்டும் சென்றோம். பாட்டிக்கு வேண்டிய செயலியை முதல் இடத்திற்கு நகர்த்தினோம். தேவையற்றவற்றை நீக்கினோம். வீட்டுப் படம் போட்ட பொத்தானிலும் நடுப் பொத்தானிலும் பாட்டியின் ஸ்டிக்கர் பொட்டையே ஒட்டினோம். "முதலில் இது, பிறகு இது" என்று பெரிய எழுத்தில் தமிழில் ஓர் அட்டை எழுதித் தந்தோம். நான்காம் நாள் அவர் தாமாகவே ஒரு பழைய படத்தைப் போட்டுவிட்டார்! ஆனால் அன்றே இணையம் நின்றதும் என்ன செய்வதென்று தெரியாமல், மகள் வேலையிலிருந்து வரும்வரை வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

எனவே எங்கள் முடிவை இவ்வாறு எழுதிக் கொடுத்தோம்: 'கருவி நல்லது, வாங்கலாம். ஆனால் கேபிளை இப்போது நிறுத்த வேண்டாம். பாட்டி "போதும்" என்று சொல்லும்வரை இரண்டும் இருக்கட்டும்.' தோழியின் தந்தை அதை இருமுறை படித்தார். "நான் பணக் கணக்கு மட்டும் பார்த்தேன்" என்று கூறி, அவ்வாறே செய்தார்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டிலும் புதிய கருவி ஏதேனும் வாங்க நேரிடலாம். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிப்பது எளிது. அதற்குமுன் நம் வீட்டையும் வீட்டாரையும் படிப்போம். கருவியைக் கையாள மிகவும் தடுமாறக்கூடியவர் எவரோ, அவர் கையிலேயே முதலில் கொடுத்துப் பார்ப்போம்.