உள்நாட்டுக் கால்களை நம்பிய குழு

கேமரன் மலையில் தேயிலைக்கு இடம் உண்டு. காற்பந்துக்குத்தான் இடம் குறைவு. 1929ஆம் ஆண்டு போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்ட காலம் முதல் சரிவுகளெல்லாம் தேயிலைச் செடிகளுக்கே உரியவை. மட்டமான நிலம் கிடைத்தால் அங்குத் தொழிற்சாலையும் வீட்டு வரிசையும் கோயிலும் பள்ளியும் எழும். மிஞ்சிய துண்டுதான் திடல். அங்கு ஓங்கி உதைத்த பந்து செடிகளுக்குள் உருண்டுவிட்டால், அதைத் தேடி எடுத்து வரும்வரை ஆட்டம் நிற்கும். மூடுபனி இறங்கிவிட்டாலோ எதிர்ப்பக்கக் கோல் கம்பமே தெரியாது.

இத்தகைய திடலில் திறமையாக ஆடும் இளைஞர் அடுத்து எங்கே போவார்? கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. மாநிலத் தலைநகரான குவாந்தானோ கிழக்குக் கரையில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் பழைய சாலை, பேராக் மாநிலத்தின் தாப்பாவில் கொண்டுபோய் விடுகிறது! குழுத் தேர்வுக்குப் போய் வருவதற்கே பணமும் விடுப்பும் வேண்டும். தோட்டப்புற இளைஞருக்குத் திறமை இருந்தும், அதைப் பார்க்க வேண்டியவர்கள் தொலைவில் இருந்தார்கள்.

இந்திய இளைஞர்களுக்குக் காற்பந்தில் ஒரு வாசலைத் திறந்துவிட முயன்ற குழுக்களில் மிஃபா குறிப்பிடத்தக்கது. மலேசிய இந்திய விளையாட்டு மன்றத்தின் பெயரையும் மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் பெயரையும் சேர்த்துத் தாங்கிய சிறிய குழு அது. மாநிலக் குழுக்களுக்கு இருந்த பெரிய அரங்கமோ பரம்பரை இரசிகர் கூட்டமோ அதற்கு இல்லை. ஆயினும், 2016இல் நாட்டின் மூன்றாம் நிலை லீக்கில் வெற்றியாளரானது. 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற புதிய பெயருடன் சூப்பர் லீக்கில் கால் பதித்தது. பெயர் மாறிய பிறகு பல இனத்தவரும் அதில் ஆடினர்.

அக்குழுவின் 2022ஆம் ஆண்டுப் பருவம் தனித்துப் பேசத்தக்கது. சூப்பர் லீக்கில் அவ்வாண்டு 12 குழுக்கள். ஒவ்வொரு குழுவும் மற்ற 11 குழுக்களைச் சொந்தத் திடலில் ஒரு முறையும் எதிரணித் திடலில் ஒரு முறையும் சந்திக்க வேண்டும். ஆக, 22 ஆட்டங்கள். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று. மற்ற குழுக்கள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை நம்பியிருந்த அந்தப் பருவத்தில், பயிற்றுநர் பி. மணியத்தின் குழு வெளிநாட்டவர் ஒருவர்கூட இல்லாமல் களமிறங்கியது.

இது ஏன் பெரிய செய்தி? குழுக்கள் பெரும்பாலும் கோல் அடிக்கும் இடத்துக்குத்தான் வெளிநாட்டவரை வாங்குகின்றன. அதனால் உள்நாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரர் மாற்று ஆட்டக்காரராக ஓரத்தில் அமர்ந்திருக்கிறார். பிறகு தேசியக் குழு ஆடும்போது, ‘கோல் அடிக்க ஆள் இல்லையே’ என்று எல்லாரும் குறைப்படுகிறார்கள். பெட்டாலிங் ஜெயா குழுவில் அந்தப் பொறுப்பு டேரன் லோக் போன்றவர்கள்மீது விழுந்தது. அவர் இங்கிலாந்தில் பிறந்த மலேசியர் என்பது வேறு கதை.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 2009 முதல் 2011 வரை மலேசிய லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கே தடை இருந்தது. அக்காலத்தில்தான் கே. ராஜகோபாலின் பயிற்சியில் நாடு 2009 சீ விளையாட்டுப் போட்டியில் தங்கமும் 2010இல் ஆசியான் வட்டார வெற்றிக்கிண்ணமும் வென்றது. அப்போட்டியில் சாஃபி சாலி ஐந்து கோல்கள் அடித்தார். தடை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், வாரந்தோறும் ஆடிப் பழகிய கால்களுக்கும் வாய்ப்புக்காகக் காத்திருந்த கால்களுக்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்யும்.

வெளிநாட்டவர் இல்லாத குழுவால் பட்டத்தை எட்ட இயலவில்லை. ஜொகூர் டாருல் தாக்சிம் அவ்வாண்டும் வெற்றியாளரானது. பருவம் முடிந்ததும் பெட்டாலிங் ஜெயா சிட்டி லீக்கிலிருந்து தானாகவே விலகிக்கொண்டது. டேரன் லோக் சபா குழுவுக்குப் போனார். மற்ற ஆட்டக்காரர்களும் அடுத்த பருவத்துக்கு வேறு குழுவைத் தேட வேண்டியதாயிற்று.