வீட்டு லேத் பட்டறைக்கு மிச்ச உலோகம் வாங்கும் முறை

புதுக்கோட்டை

அன்பு மருமகனுக்கு,

மிச்ச உலோகம் என்று விற்பனைக்கு வருவதில் மூன்று வகை உண்டு. முதல் வகை, தொழிற்கூடத்தில் நீளக் கம்பியையோ தகட்டையோ அறுத்து வேலை முடித்தபின் நிற்கும் துண்டு. இரண்டாவது, ஆர்டர் ரத்தானதாலோ பட்டறை மூடப்பட்டதாலோ கைபடாமல் கிடக்கும் புதுச் சரக்கு. மூன்றாவது, ஓடித் தேய்ந்த எந்திரத்திலிருந்து கழற்றிய ஆக்சில், ஷாஃப்ட், பிளைவீல் போன்ற பழைய பாகம். கிலோ விலை பெரும்பாலும் மூன்றாவதில்தான் குறைவு. ஆனால் என்ன உலோகம் என்பது சரியாகத் தெரிவது முதல் இரண்டில்தான். வீட்டுப் பட்டறைக்கு மலிவு என்பது கிலோ விலையில் இல்லை. வாங்கிய எடையில் எவ்வளவு வேலைப்பொருளாகிறது, அதற்குள் எத்தனை டூல் முனை போகிறது என்பதில்தான் இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பவருக்கு இந்த வாணிபம் எட்டும் தூரத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. திருச்சியில் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்த பாய்லர் ஆலை 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு வேலை செய்து கொடுக்கும் ஃபேப்ரிகேஷன் கூடங்கள் துவாக்குடியிலும், புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் மாத்தூரிலும் வளர்ந்தன. பாய்லர் வேலைக்கான தடித்த தகடு, இணைப்பில்லாத கனத்த குழாய், தாங்கு சட்டங்களுக்கான ஆங்கிள், சேனல் எல்லாம் இந்தப் பகுதியில் டன் கணக்கில் அறுபடுகின்றன. இன்னொரு பக்கம் பொன்மலை ரயில்வே பணிமனை இருக்கிறது. மாவட்டத்துக்குள்ளேயே கல் கிரஷர்கள், போர்வெல் வண்டிகள், பழைய டீசல் பம்புசெட்டுகள் கழித்துப்போடும் பாகங்கள் ஊர்தோறும் காயலான் கடைக்கு வந்து சேர்கின்றன.

பொதுத்துறை ஆலைகளின் கழிவு எம்எஸ்டிசி நிறுவனத்தின் மின்னணு ஏலம் வழியாகவும், ரயில்வேயின் கழிவு ஐஆர்இபிஎஸ் தளத்தின் ஏலம் வழியாகவும் போகிறது. அங்கே சரக்கு லாட் கணக்கில்தான் விற்கப்படும். முன்பணம் கட்ட வேண்டும். சரக்கு கிடக்கும் இடத்தில் கிடக்கும் நிலையிலேயே எடுக்க வேண்டும். கெடுவுக்குள் லாரி வைத்துத் தூக்க வேண்டும். பத்துக் கிலோ தேவைப்படுபவருக்கு அது வழியல்ல. ஏலம் எடுத்தவர் சரக்கைப் பிரித்து யார்டில் போட்டபின், அந்த யார்டே வீட்டுப் பட்டறைக்காரர் பொறுக்க ஏற்ற இடம்.

அதைவிட நல்ல இடம் கடைசல் பட்டறைகளும் சிஎன்சி கூடங்களும். சிஎன்சி எந்திரம் கம்பியின் கடைசிப் பகுதியைப் பிடித்து வேலை செய்ய முடியாது. ஒவ்வொரு கம்பியிலும் ஒரு சாண் அளவில் நுனித்துண்டு தங்கும். அது நேரானது, துருவில்லாதது, கிரேடு தெரிந்தது. முதலாளிக்கு அது உலைக்குப் போகும் கழிவின் விலைக்கு விற்கும் பொருள்; சின்ன வேலை செய்பவருக்கோ அந்த ஒரு சாணே புஷ், பின், நட்டு எல்லாவற்றுக்கும் போதும். ஒரே கூடத்தில் மாதம் ஒருமுறை ஒழுங்காகப் போய் ரொக்கம் கொடுத்து வாங்குபவருக்குத் துண்டுகள் தனியாக எடுத்துவைக்கப்படுவது வழக்கம்.

விலைக்கு ஒரு தரையும் ஒரு கூரையும் உண்டு. அன்றைய உருக்கு விலை, அதாவது உலைக்குப் போகும் கழிவின் விலை, தரை. அதற்குக் கீழே கடைக்காரர் இறங்க மாட்டார். அதே கிரேடு புதுக் கம்பியின் விலை, 18 சதவீத ஜிஎஸ்டியோடு சேர்த்து, கூரை. பேரம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கும். கிரேடு தெரிந்த நேரான துண்டுக்குக் கூரையில் பாதிக்கு மேலே கொடுத்தாலும் நட்டமில்லை. கிரேடு தெரியாத துருத் துண்டுக்குத் தரையை விட்டுச் சற்று ஏறுவதற்கும் காரணம் இல்லை. கேட்கப்படும் விலை கூரையைத் தொட்டுவிட்டால் புதுக் கம்பி வாங்கிவிடுவதே மேல்.

கடைக்குப் போகுமுன் எடைக் கணக்கு கைவசம் இருக்க வேண்டும். இரும்பு உருளைக் கம்பிக்கு விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 25 மி.மீ. கம்பி மீட்டருக்கு 3.86 கிலோ, 50 மி.மீ. கம்பி 15.43 கிலோ. இரண்டடி நீளமுள்ள 50 மி.மீ. துண்டு ஏறக்குறைய 9.4 கிலோ இருக்க வேண்டும்; தராசு 11 காட்டினால் அங்கேயே கேட்டுவிடலாம். பித்தளைக்கு இந்த எடையோடு எட்டு சதவீதம் கூட்ட வேண்டும்; அலுமினியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே கணக்கு எந்த வடிவில் வாங்குவது என்பதையும் சொல்லிவிடும். வெளிவிட்டம் 60, உள்விட்டம் 40, நீளம் 50 மி.மீ. உள்ள ஒரு புஷ் தேவை என்று கொள்வோம். முடிந்த புஷ்ஷின் எடை சுமார் 620 கிராம். 63 மி.மீ. முழுக் கம்பியில் 55 மி.மீ. அறுத்தால் 1.35 கிலோ ஆகும். பாதிக்கு மேல் சுருளாய்க் குப்பைக்குப் போகும். 40 மி.மீ. துளை போடும் உழைப்பு வேறு. 63.5 மி.மீ. வெளிவிட்டமும் 12.5 மி.மீ. சுவரும் உள்ள பாய்லர் குழாய்த் துண்டில் அதே நீளம் அறுத்தால் 870 கிராம் போதும். துளையும் ஏற்கெனவே இருக்கிறது. கிலோவுக்குக் கூடுதல் விலை கொடுத்தாலும் குழாய்த் துண்டே லாபம்.

ஆனால் எல்லாக் குழாயும் ஒன்றல்ல. பாய்லர் வேலையில் சாதாரணக் கார்பன் எஃகுக் குழாயும் உண்டு. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த பி22, பி91 போன்ற குழாய்களும் உண்டு. பி91-இல் குரோமியம் ஏறத்தாழ 9 சதவீதம். அதைக் கேஸ் வைத்து வெட்டினால் வெட்டிய விளிம்பு காற்றில் ஆறும்போதே கடினமாகிவிடும். அந்த விளிம்பில் முதலில் தொடும் டூல் முனை உடையும். விளிம்பைக் கிரைண்டரில் சில மி.மீ. ஆழம் எடுத்த பிறகே லேத்தில் ஏற்ற வேண்டும். முறையாகச் சூடேற்றாமல் வெல்டிங் வைத்தால் விரிசல் விடும். குழாயின் மேல் குத்தியிருக்கும் கிரேடு எழுத்து தெரியாவிட்டால் அதைச் சாதாரணக் குழாய் என்று எண்ணிவிடக் கூடாது.

கிரேடு தெரியாத துண்டை அடையாளம் காணக் காந்தம், அரம், கிரைண்டர் ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். காந்தத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றும். கல் கிரஷரிலிருந்து வரும் ஜா பிளேட் காந்தத்தில் ஒட்டாது. அதனாலேயே அது எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகு, என்று விற்கப்படுவதுண்டு. அது உண்மையில் 12 சதவீதம் அளவில் மாங்கனீசு கலந்த எஃகு. அடிபட அடிபட மேற்பரப்பு இறுகும் குணம் உடையது; வீட்டு லேத்தில் கடையவே முடியாது. கிரைண்டரில் வைத்தால் வெள்ளைப் பொறி அடர்த்தியாகப் பறக்கும். 304 வகை எஸ்எஸ்ஸில் பொறி குறைவு, நீளமும் குறைவு, நிறமும் மங்கிய செம்மஞ்சள். இதற்கு எதிர்ப்புறமாக, போர்வெல் சப்மெர்சிபிள் பம்பின் ஷாஃப்ட் காந்தத்தில் ஒட்டும். ஆனாலும் அது துருப்பிடிக்காத 410 வகை எஃகாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சாதாரண எஃகில் பொறியைப் பார்த்தே கார்பனைச் சொல்லலாம். எம்எஸ் எனப்படும் மென் எஃகுக் கம்பியில் நீண்ட கோடுகள், நுனியில் ஒன்றிரண்டு கிளைகள் மட்டும். நடுத்தரக் கார்பன் எஃகான இஎன்8-இல் கிளைகள் கூடும். பேரிங் வளையத்துக்கான இஎன்31-இல் கோடு முழுக்கப் பூவாய்ச் சிதறும். வார்ப்பிரும்பில் பொறி குட்டையாய், சிவந்து இருக்கும். அரத்தில் தேய்த்தால் கருந்தூளாய் உதிரும். பித்தளை, செம்பு, அலுமினியத்தில் பொறியே வராது. கிரேடு தெரிந்த துண்டுகளை வரிசையாக வைத்து, தெரியாததன் பொறியை அவற்றோடு ஒப்பிடுவதே நம்பகமான முறை. அரம் வழுக்கினால் மேற்பரப்பு கடினமாக்கப்பட்டது என்று பொருள். லாரி ஆக்சிலும் ஹைட்ராலிக் ராடும் இப்படித்தான் வழுக்கும்.

வீட்டு லேத்தின் அளவே சரக்கின் அளவைத் தீர்மானிக்கிறது. பட்டாலா, ராஜ்கோட்டிலிருந்து வரும் நாலரை அடி, ஆறடி லேத்துகளில் ஹெட்ஸ்டாக் துளைக்குள் நுழையும் விட்டம் வரைதான் கம்பியை நீளமாக வாங்கலாம்; அதைவிடத் தடித்ததை வேலைக்கேற்ற நீளத்துக்குக் கடையிலேயே அறுத்து வாங்க வேண்டும். பவர் ஹேக்ஸாவில் அறுக்கச் சொன்னால் முனை நேராக வரும். கேஸில் வெட்டிக் கொடுத்தால் விளிம்புக்காகச் சில மி.மீ. இழக்க நேரும். சூட்டில் உருட்டிய கறுப்புக் கம்பியில் மேல்தோலை நீக்க விட்டத்தில் குறைந்தது 3 மி.மீ. கூடுதல் வைக்க வேண்டும். குளிரில் இழுத்த பிரைட் பாரில் அளவிலேயே பாதி வேலை முடிந்திருக்கும். சிறு மோட்டாரோடு ஓடும் லேத்துக்கு, ஸ்குரூ, பின் வேலைக்கு எளிதில் கடைபடும் இஎன்1ஏ, ஷாஃப்டுக்கு இஎன்8, புஷ்ஷுக்கு கன்மெட்டல், ஃபிட்டிங்குக்குக் கடைசல் பித்தளை ஆகியவை போதும். பழைய டீசல் இன்ஜின் பிளைவீல் நல்ல வார்ப்பிரும்பு. ஃபேஸ்பிளேட்டுக்கும் அடித்தளத்துக்கும் ஆகும். கட்டடத்துக்கான டிஎம்டி கம்பி ஆகாது. தண்ணீரில் இறுக்கிய வெளித்தோலும் மென்மையான உள்பகுதியும் கொண்ட அது சீராகக் கடைபடாது.

விலை எவ்வளவு குறைந்தாலும் தொடக் கூடாதவை சில. மூடிய டிரம், கேஸ் சிலிண்டர், கேஸ் அடைத்த ஷாக் அப்சார்பர் ஆகியவற்றை அறுத்தால் வெடிக்கும். துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்தால் எழும் புகை காய்ச்சலைத் தரும். கேட்மியம் பூச்சு உயிருக்கே ஆபத்து. மெக்னீசியச் சுருள் தீப்பிடித்தால் தண்ணீரில் அணையாது. தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூளும். மருத்துவ, ஆய்வுக்கூடக் கருவிகளிலிருந்து வரும் கனத்த ஈய உறைகளையும், மூவிலைக் கதிர்வீச்சுக் குறி உள்ள எதையும் தொடக் கூடாது. 2010-இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய காமாக் கதிர்க் கருவி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போனது. உள்ளிருந்த கோபால்ட்-60 பலரைப் பாதித்தது, ஒருவர் இறந்தார். முறிந்த ஷாஃப்டின் முறிவை ஒட்டிய பகுதியையும் ஒதுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அங்கே ஓடியிருக்கும்.

சரக்கின் பிறப்பிடத்தை ரசீது சொல்ல வேண்டும். பெரிய ஆலைகள் வேலைக்கென்று கொடுக்கும் தகடு, குழாயின் மிச்சத்துக்கும் துணைக்கூடங்கள் கணக்குக் காட்ட வேண்டும். அந்த மிச்சத்தை ஊழியர் ஒருவர் வாசலுக்கு வெளியே விற்றால் அது கூடத்தின் பொருள்கூட இல்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம். தண்டவாளத் துண்டைப் பட்டடையாக வைத்துக்கொள்ளும் ஆசை பல பட்டறைகளில் உண்டு. ரயில்வே சொத்துகளைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு எதிரான 1966-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது. ஏலத்தில் எடுத்தவரின் ரசீது இருந்தால் மட்டுமே அதை வாங்கலாம்.

வண்டிக் கூலியும் விலையோடு சேர்ந்ததே. மாத்தூரிலிருந்து புதுக்கோட்டைக்கு இருபது கிலோவுக்காக ஒரு குட்டி யானை வண்டியை வாடகைக்கு எடுத்தால் மிச்சம் பிடித்தது வாடகையில் போய்விடும். இரண்டு மூன்று பட்டறைக்காரர்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் கூலி குறையும். ஒரு சிப்பமாகக் கேட்பதால் விலையும் குறையும்.

வீட்டுக்கு வந்த அன்றே ஒவ்வொரு துண்டிலும் கிரேடைக் குத்திவிட வேண்டும், அல்லது பெயிண்டில் எழுத வேண்டும். கடைக்காரர்கள் கம்பி முனையில் அடிக்கும் நிறம் கடைக்குக் கடை மாறும். அதைப் பொது அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அறுக்கும்போது குறி இல்லாத முனையிலிருந்து அறுத்தால் கடைசித் துண்டு வரை பெயர் நிற்கும். சரக்கைத் தரையில் படாமல் தாங்கிகளில் அடுக்கி எண்ணெய் தடவ வேண்டும். மணமேல்குடி, மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கம் கடற்காற்று படும் ஊர்களில் பிரைட் பார் சில வாரங்களிலேயே துருவேறும். அங்கே கிரீஸ் தடவித் துணியோ தாளோ சுற்றி வைக்க வேண்டும்.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு அளவுகோல், அடுத்த சில மாதங்களில் செய்யவிருக்கும் வேலைகளின் வரைபடம். விட்டம், நீளம், கிரேடு மூன்றையும் ஒரு தாளில் எழுதி, விட்டத்தைக் கடையில் கிடைக்கும் அளவுக்கு ஏற்றி, எடையையும் கூரை விலையையும் பக்கத்தில் குறித்துக்கொண்டு போனால் பேரம் விரைவில் முடியும். தாளில் இல்லாத துண்டு எவ்வளவு மலிவாக வந்தாலும், அடிக்கடி தேவைப்படும் 16 முதல் 50 மி.மீ. வரையிலான இஎன்8 கம்பியாகவோ கன்மெட்டல் துண்டாகவோ இருந்தால் மட்டும் வாங்கலாம். மற்றதைக் கடையிலேயே விட்டுவிடலாம்.

அன்புடன்,
மாமா