மின்கம்பி அருகே கிளை கழித்தல்: ஒரு தொழிற் பாடம்

நம் அங்கத்தினர்களில் தோப்பு உடையவர் பலர். தறி உடையவரும் பலர். தோப்பின் பம்பு செட்டுக்கும், நெசவாளர் வீட்டு விளக்குக்கும், விசைத்தறிக்கும் வரும் மின்சாரம் பெரும்பாலும் மரங்களினூடேயே வருகிறது. மரமும் வளரவேண்டும், மின்சாரமும் தடையின்றி வரவேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று உழைப்பவர் கிளை கழிப்பவர். அரிவாளும் துணிவும் இருந்தால் போதும் என்று எண்ணப்படும் இவ்வேலை, உண்மையில் முறையாகக் கற்றுத் தேறவேண்டிய ஒரு தொழிலாகும். அப்பயிற்சியின் சாரத்தை இம்மாதப் பாடமாக ஆராய்வோம்.

இதனைத் தனித் தொழிலாக வகுத்து, விதிகளும் பயிற்சியும் ஏற்படுத்திய தேசங்களுள் அமெரிக்கா ஒன்று. அங்கே மின்துறை வேலைகளுக்கான பாதுகாப்பு விதிகள் 1994ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு, 2014இல் திருத்தப்பட்டன. 50,000 வோல்ட் வரையிலான கம்பிக்கு அவை விதிக்கும் எல்லை 10 அடி, அதாவது சுமார் 3 மீட்டர். தகுதி பெறாதவர் தம் உடலையோ கையிலுள்ள கருவியையோ அவ்வெல்லைக்குள் கொண்டு செல்லலாகாது. ஆகவே, இத்தொழிலின் முதற் பாடம் வெட்டுவதன்று. தூரத்தை அளந்து அறிவதேயாகும்.

மின்சாரம் பற்றிய பாடம்

கம்பியின்மேல் பறவை அமர்ந்திருக்க, மனிதன் மட்டும் ஏன் மாள்கிறான்? பறவை ஒரே கம்பியைத் தொடுகிறது. மண்ணோடு அதற்குத் தொடர்பில்லை. மரத்தின்மேல் நிற்பவனோ மரத்தின் வழியே மண்ணோடு இணைந்திருக்கிறான். பச்சைக் கிளையில் சாறு இருப்பதால் மின்சாரம் அதில் பாயும். ஈரமும் அழுக்கும் படிந்த மூங்கிற் கழியையும் நம்புவதற்கில்லை. உயர் மின்னழுத்தக் கம்பியாயின், தொடாமலேயே சிறு இடைவெளியைத் தாண்டி மின்சாரம் பாயக்கூடும். மேலும், கம்பி நின்ற இடத்திலேயே நிற்பதன்று, வெயிலிலும் மின்சுமையிலும் சூடேறித் தொய்யும், காற்றில் ஆடும்.

இதனைப் புறக்கணித்தால் விளைவது யாது என்பதை உலகம் 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் கண்டது. அன்று ஓஹியோ மாநிலத்தில் 3,45,000 வோல்ட் கம்பிகள் தொய்ந்து, கழிக்கப்படாது ஓங்கியிருந்த மரங்களில் பட்டுத் துண்டிப்புற்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி மக்கள் மின்சாரமின்றித் தவித்தமைக்கு முக்கிய காரணங்களில் இதுவும் ஒன்றாயிற்று.

மரம் பற்றிய பாடம்

கம்பிக்கு இடையூறு என்று மரத்தின் தலையை மொட்டையடிப்பது எளிது. ஆயின், வெட்டிய இடத்தில் கற்றை கற்றையாகத் துளிர்கள் கிளம்பி விரைவில் மீண்டும் கம்பியை எட்டும். அத்துளிர்களின் பிடிப்பும் உறுதியாக இராது. ஆதலால், கம்பியை நோக்கி வளரும் கிளையை மட்டும், வேறு திசையில் செல்லும் ஒரு பக்கக்கிளை வரை கழிக்கவேண்டும். அப்பக்கக்கிளை, வெட்டப்படும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கேனும் இருத்தல் நலம்.

கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் சற்றுப் புடைத்த வளையம் ஒன்றுண்டு. அதனைச் சிதைக்காமல் அதற்கு வெளியே வெட்டினால், காயத்தை மரம் தானே மூடிக்கொள்ளும். அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ எண்ணற்ற மரங்களை அறுத்து ஆராய்ந்து இவ்வுண்மையைப் பரப்பினார். கனத்த கிளையாயின், முதலில் அடிப்புறம் ஒரு வெட்டு, அதற்குச் சற்று அப்பால் மேற்புறம் ஒரு வெட்டு, பின்னர் வளையத்தருகே கடைசி வெட்டு என மூன்றாக அறுத்தால் பட்டை கிழியாது.

துணையோடு பழகுதல்

பயிலுபவர், தேர்ந்தவரின் நேரடி மேற்பார்வையிலேயே வேலை செய்கிறார். கயிற்று முடிச்சு, மரமேறுதல், கிளையைக் கயிறு கட்டி இறக்குதல், முதலுதவி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கற்று, செய்தும் காட்டவேண்டும். 750 வோல்ட்டுக்கு மேற்பட்ட கம்பியை 10 அடிக்குள் நெருங்கும்போது, கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் தகுதி பெற்ற மற்றொருவர் இருந்தே தீரவேண்டும். புயலும் மழையும் அபாயம் விளைவிக்கும் வேளையில் வேலை கூடாது. எவ்வளவு தேர்ந்தவரும் தனித்து நிற்றலாகாது என்பது கூட்டுறவாளராகிய நமக்குப் புதிய கருத்தன்று.

நம் கடமை

நம்மூர்க் கம்பியும் அதே இயற்கை விதிக்கு உட்பட்டதே. கூலி பேசி ஓர் இளைஞரை மரத்தில் ஏற்றுபவர்கள் நாமே. அவர் உயிருக்கும் நாமே பொறுப்பு. இரும்புத் துறட்டியையும் அலுமினிய ஏணியையும் கம்பியருகே கொண்டு செல்ல விடலாகாது. மோட்டார் அறைச் சுவிட்சை அணைத்தால் வெளிக்கம்பியும் அணைந்துவிடும் என்று எண்ணுவது பெருந்தவறு. மின்வாரியத்தார் வந்து மின்சாரத்தை நிறுத்தி, சோதித்து, கம்பியை மண்ணோடு இணைத்த பின்னரே அரிவாள் மேலேற வேண்டும். எங்கோ ஓடும் ஜெனரேட்டரிலிருந்தும் கம்பியில் மின்சாரம் திரும்பி வரக்கூடுமாதலால், மண்ணிணைப்பு இன்றியமையாதது.

தென்னைக்குக் குருத்து ஒன்றே; அதனை வெட்டினால் மரமே மாளும். எனவே கம்பியின்கீழ்த் தென்னை நடாமல், எலுமிச்சை, மாதுளை போன்ற குட்டையானவற்றை நடுதலே அறிவுடைமை. ஒரு நாள் காத்திருப்பதால் நேரும் நஷ்டத்தை ஈடு செய்துவிடலாம். போன உயிரை எந்தச் சங்கமும் மீட்டுத்தர இயலாது.

அங்கத்தினர் கூடி ஆராய்வதற்குச் சில வினாக்கள்:

1. நம் சங்க எல்லைக்குள் கம்பியை நெருங்கி நிற்கும் மரங்கள் எவை? அவற்றைக் குறித்து மின்வாரியத்துக்கு எழுதியிருக்கிறோமா?

2. மரமேறும் தொழிலாளர்க்கு மின் ஆபத்தையும் முதலுதவியையும் கற்பிக்கச் சங்கம் என்ன ஏற்பாடு செய்யலாம்?

3. இவ்வாண்டு நடவிருக்கும் கன்றுகளில் கம்பியின்கீழ் வருவன எவை?